லைற்றடியில் வந்து ஒட்டும் நீள்வால் பூச்சி: மேஃபிளை பற்றி யாழ்ப்பாணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மழை பெய்த மறுநாள் விறாந்தை லைற்றடியில் குவிந்து கிடப்பவை எல்லாம் மேஃபிளையா?

இல்லை, பெரும்பாலும் அது ஈசல். ஈசல் என்பது சிறகு முளைத்த கறையான். ஐப்பசி பிறந்து மாரி மழை மண்ணை நன்றாக நனைத்ததும், பொழுதுபடும் நேரத்தில் புற்றிலிருந்தும் மதிலடி வெடிப்பிலிருந்தும் கூட்டமாகக் கிளம்பி, வெளிச்சம் கண்ட இடத்துக்கு வந்து, சிறகைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தரையில் ஊர்ந்து திரியும். விடிய எழும்பித் தும்புத்தடியால் கூட்டும்போது அள்ள அள்ள வருவது அந்தச் சிறகுகள்தான்.

மேஃபிளை வேறு குலம். அது மண்ணிலிருந்து வருவதில்லை, தண்ணீரிலிருந்து வருவது. நம் ஊரில் அது ஈசல் மாதிரிக் கொட்டுவதும் இல்லை. ஒன்று இரண்டு, மிஞ்சிப்போனால் கொஞ்சம் கூட, சத்தமில்லாமல் சுவரிலோ யன்னல் கண்ணாடியிலோ ஒட்டிக்கொண்டிருக்கும். இரண்டுக்கும் "ஒரு நாள் பூச்சி" என்ற பேர் இருப்பதால் எல்லோரும் ஒன்றாகச் சேர்த்துப் பேசிவிடுகிறார்கள். ஒன்றுக்கு அந்தப் பேர் பாதி பொருந்தும், மற்றதுக்குக் கொஞ்சமும் பொருந்தாது. அது கீழே வரும்.

சரி, மேஃபிளையை எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் வாலைப் பாருங்கள். உடலின் கடைசியில் இரண்டோ மூன்றோ மெல்லிய நீண்ட இழைகள், பல நேரம் உடலைவிட நீளமாக, கொஞ்சம் விரிந்து நிற்கும். வீட்டுக்கு வரும் வேறெந்தச் சிறகுப் பூச்சிக்கும் இப்படி வால் இல்லை. வால் இருந்தால் விசயம் ஏறக்குறைய முடிந்தது.

அடுத்தது சிறகு. உட்கார்ந்திருக்கும்போது இரண்டு பக்கச் சிறகையும் முதுகுக்கு மேலே ஒன்றாகச் சேர்த்து நேராக நிமிர்த்தி வைத்திருக்கும், வண்ணத்துப்பூச்சி மாதிரி. ஈயைப் போலவோ கரப்பானைப் போலவோ முதுகோடு மடித்துப் படுக்கவைக்க அதற்கு முடியாது. முன்சிறகு பெரிதாக முக்கோண வடிவில் வலைப்பின்னல் நரம்போடு இருக்கும். பின்சிறகு மிகச் சிறிது, சில வகைகளுக்கு அதுவும் இல்லை. உணர்கொம்பு இருக்கிறதா என்று தேடத்தான் வேண்டும், அவ்வளவு குட்டை. ஆணுக்கு முன்னங்கால் இரண்டும் மிக நீளம், அதை முன்னால் நீட்டிக்கொண்டு உட்காருவதால் அதையே பலர் உணர்கொம்பு என்று நினைத்துவிடுவார்கள். ஆணின் கண்ணும் பெரிது. சில வகைகளில் ஒவ்வொரு கண்ணும் இரண்டாகப் பிரிந்து, மேல்பாதி தலைப்பாகை வைத்தது போல உயர்ந்து நிற்கும். இருட்டும் வேளையில் மேலே பறக்கும் பெண் பூச்சியைக் கீழிருந்து கண்டுபிடிக்க அந்த மேல்கண்.

உடல் நீளம் என்று பார்த்தால், வீட்டுப் பக்கம் வரும் குளத்து வகைகள் ஒரு சென்ரிமீற்றருக்குள் அடங்கிவிடும்.

அதைப் போலவே இருக்கும் மற்றவை?

இதில்தான் ஆட்கள் அதிகம் தடுமாறுவது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஈசலுக்கு நான்கு சிறகு, நான்கும் ஒரே அளவு, உடலைவிட நீளம், முதுகில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்திருக்கும், தொட்டாலே கழன்று வரும். உணர்கொம்பு குட்டி மணிகளைக் கோத்தது மாதிரி நேராக இருக்கும். இடுப்பு என்று ஒன்று இல்லை, வாலும் இல்லை.

சிறகெறும்பும் இதே மழைக்காலத்தில்தான் வரும். இடுப்பு ஒடுங்கியிருக்கும், உணர்கொம்பு முழங்கை மாதிரி மடிந்திருக்கும், முன்சிறகு பெரிது பின்சிறகு சிறிது. ஈசலையும் இதையும் பிரித்தறிவது முக்கியம், ஏனென்றால் ஒன்று உங்கள் நிலைக்கதவைத் தின்னக்கூடியது, மற்றது தின்னாது.

பச்சை நிறத்தில் பொன் மாதிரி மின்னும் கண்ணோடு, சிறகை ஓட்டுக்கூரை போலச் சரித்து வைத்துக்கொண்டு வருவது லேஸ்விங். அதன் உணர்கொம்பு நீளம், வால் கிடையாது. அதன் குஞ்சுகள் செடியில் இருக்கும் அசுவினியைத் தின்பதால் தோட்டக்காரருக்கு அது சொந்தக்காரன், அடிக்க வேண்டாம்.

தும்பி மாதிரி நீண்ட உடலும், நுனி தடித்த உணர்கொம்பும், சோம்பலான பறப்புமாக ஒன்று வந்தால் அது குழியானையின் பெரிய உருவம். ஆமாம், சின்ன வயதில் மணலில் புனல் மாதிரிக் குழிக்குள் எறும்பைப் போட்டு நாம் வேடிக்கை பார்த்த அதே குழியானைதான்.

நுளம்பு மாதிரியே இருக்கும், ஆனால் கடிக்காது, சுவரில் நூற்றுக்கணக்கில் ஒட்டியிருக்கும், ஆணுக்கு இறகு மாதிரி உணர்கொம்பு. அது கைரோனோமிட் என்ற வகை ஈ. குளம், கடல்நீரேரிக் கரை வீடுகளில் இதன் தொல்லைதான் கூட. இரண்டு சிறகுதான், வால் இல்லை.

கடைசியாக, பழைய கொப்பி புத்தகத்துக்குள் ஓடும் வெள்ளி நிறப் பூச்சிக்கு மூன்று வால் உண்டு. ஆனால் அதற்குச் சிறகே கிடையாது, எத்தனை வருடம் போனாலும் முளைக்காது.

உண்மையிலேயே ஒரு நாள்தான் வாழுமா?

சிறகோடு இருப்பது பெரும்பாலும் அவ்வளவுதான். ஆனால் அதை அதன் ஆயுள் என்று எண்ணுவது பிழை. முட்டையிலிருந்து வந்த நாள் முதல் அது தண்ணீருக்குள் இருக்கிறது. பாசியையும் அழுகிய இலைத்துகளையும் தின்று, தோலை மாற்றி மாற்றி வளர்கிறது. இருபது முப்பது தடவை தோல் உரிக்கும் வகைகள் உண்டு. வெப்ப நாட்டுக் குளங்களில் சில வாரங்களிலோ மாதங்களிலோ இந்தக் கட்டம் முடியும். குளிர்நாட்டு ஆறுகளில் ஒரு வருடம், இரண்டு வருடம். ஹங்கேரியின் டிசா ஆற்றில் இருக்கும் பெரிய வகை களிமண் கரைக்குள் வளை தோண்டி மூன்று வருடம் இருந்துவிட்டு, ஆனி மாதத்து ஒரு பின்னேரத்தில் கூட்டமாக வெளியே வந்து சில மணித்தியாலத்தில் முடிந்துபோகும். மூன்று வருடம் வாழ்ந்த பூச்சியை ஒரு நாள் பூச்சி என்று நாம் பாவம் பார்க்கிறோம்.

சிறகுக் காலமும் எல்லாவற்றுக்கும் ஒன்றல்ல. அமெரிக்காவின் தென்கிழக்கு ஆறுகளில் உள்ள டொலானியா அமெரிக்கானா என்ற வகையின் பெண், முழுப் பூச்சியாக ஐந்து நிமிடம்கூட இருப்பதில்லை. மறுபக்கம், நிற்கும் தண்ணீரில் வளரும் குளோயியன் டிப்டெரம் என்ற வகையின் பெண் இரண்டு கிழமை அளவுக்கு இருக்கும். அது முட்டையை உடனே போடாது. வயிற்றுக்குள்ளேயே வைத்து வளர்த்து, தயாரானதும் தண்ணீரில் இறங்கி விடும், விட்ட கையோடு குஞ்சு பொரிந்து நீந்தப் போய்விடும். அதே வகையில் ஆண் சீக்கிரமே செத்துவிடும்.

உலகத்தில் 3,000க்கு மேற்பட்ட மேஃபிளை இனங்கள் இருக்கும்போது "ஒரு நாள்" என்று எல்லாவற்றுக்கும் ஒரே கணக்குப் போட முடியாதுதானே.

அந்தக் கொஞ்ச நேரத்தில் என்ன செய்கிறது? சாப்பிடாதா?

சாப்பிடாது. வாய்ப்பகுதி சுருங்கிப் பயனற்றுப் போயிருக்கும், குடலில் உணவுக்குப் பதிலாகக் காற்றுத்தான். பொழுதுபடும் நேரம் ஆண்கள் ஒரு இடத்தில் கூடி, விறுவிறென்று மேலே ஏறிச் சிறகை விரித்தபடி மெல்ல மிதந்து இறங்கி, மறுபடி ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். பெண் அந்தக் கூட்டத்துக்குள் வந்தால் நீண்ட முன்னங்காலால் பிடித்துக்கொள்ளும். அதற்குப் பிறகு பெண்ணுக்குத் தண்ணீரைத் தேடி முட்டையிடுவது மட்டும்தான் வேலை, வகையைப் பொறுத்துச் சில நூறிலிருந்து சில ஆயிரம் வரை.

சுவரில் பூச்சி இல்லை, சிறகோடு வெறும் தோல் மட்டும் ஒட்டியிருக்கிறது. இது என்ன?

உங்களுக்கு நல்ல அதிர்ஷ்டம். உலகத்தில் மேஃபிளை மட்டும் செய்யும் காரியம் இது.

மற்றப் பூச்சிகளுக்குச் சிறகு முளைத்தால் அதுதான் கடைசி வடிவம், அதற்கு மேல் தோல் உரிப்பது இல்லை. மேஃபிளை தண்ணீரிலிருந்து வெளியே வரும்போது மங்கலான, புகை பிடித்த கண்ணாடி மாதிரியான சிறகோடு வரும். பறக்கும், ஆனால் தடுமாறிப் பறக்கும், இனம்பெருக்க இன்னும் தயாரில்லை. கிட்டத்தில் ஒரு செடியிலோ உங்கள் வீட்டுச் சுவரிலோ வந்து ஒதுங்கி, சில வகைகளில் சில நிமிடத்தில், பல வகைகளில் ஒரு இரவு கழித்து, இன்னொரு தடவை முழுத் தோலையும் உரிக்கும். சிறகின் தோலும் சேர்ந்தேதான் உரியும். உள்ளேயிருந்து வருவது பளபளப்பான தெளிந்த சிறகும் இன்னும் நீண்ட வாலும் உள்ள பூச்சி.

அந்தப் பழைய தோலில் வாலின் இழைகூட அப்படியே இருக்கும், பூதக்கண்ணாடி இருந்தால் பாருங்கள். எறிய முதல் பிள்ளைகளிடம் காட்டுங்கள்.

யாழ்ப்பாணத்தில் வருடம் முழுக்க ஓடும் ஆறே இல்லையே, இது எங்கிருந்து வருகிறது?

நல்ல கேள்வி. மேஃபிளை என்றாலே ஓடும் தெளிந்த ஆற்றுப் பூச்சி என்றுதான் ஆங்கிலப் பக்கங்கள் எழுதும். மலையக ஓடைகளுக்கு அது சரி. இங்கே மழைநீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கிவிடுகிறது. மேலே ஓடுவதென்றால் வலிகாமத்தில் மாரிக்கு மட்டும் ஓடும் வழுக்கையாறுதான். தொண்டைமானாறு, உப்பாறு என்று பேரில் ஆறு இருந்தாலும் அவை உவர்நீர், மேஃபிளைக்கு உப்பு ஒத்துவராது.

ஆனால் நிற்கும் நன்னீர் நம்மிடம் நிறையவே இருக்கிறது. ஆரியகுளம் மாதிரிக் குளங்கள், கோயில் கேணிகள், மாரியில் நிறைந்து சித்திரை வைகாசியில் வற்றிப்போகும் ஊர்க்குளங்கள், வயலுக்கு நடுவே இருக்கும் துரவுகள், தோட்டக் கிணற்றடியில் மோட்டர் போட்டு இறைத்து நிரப்பும் சீமெந்துத் தொட்டிகள், வீட்டு முற்றத்துத் தாமரைத் தொட்டி. குளோயியன் குலத்தைச் சேர்ந்த மேஃபிளைகளுக்கு இவை போதும். பாசி படிந்த, மீன் குறைந்த, அசையாத தண்ணீர்தான் அவை தேடுவது. பின்சிறகு இல்லாமல், இரண்டு வாலோடு, சில பெண்களுக்கு முன்சிறகின் விளிம்பில் மண்ணிறப் பட்டையோடு ஒன்று சுவரில் இருந்தால் முதலில் இந்தக் குலத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

குளம் வற்றினால் என்ன ஆகும்? தண்ணீருக்குள் இருப்பவற்றில் பறக்கத் தயாரானவை பறந்து தப்பும், மற்றவை காகத்துக்கும் கொக்குக்கும். அடுத்த மாரியில் வற்றாத தண்ணீரிலிருந்து பெண் பூச்சிகள் வந்து மறுபடி முட்டையிடும். அப்போது உங்கள் விறாந்தை லைற் வழியில் இருந்தால் அங்கேயும் இறங்கிவிட்டுப் போகும்.

இலங்கையின் மேஃபிளைகளை ஆராய்ந்து எழுதுவது இன்று நேற்று தொடங்கியதல்ல. ஹெர்மன் ஹேகன் என்ற ஜெர்மன் பூச்சியியலாளர் 1858இலேயே இங்கிருந்து போன பூச்சிகளை வைத்து விவரித்திருக்கிறார்.

தோட்டத்துத் தொட்டியில் மூன்று வாலோடு ஒன்று நீந்துகிறது. நுளம்புக் குடம்பியா? பிஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து பார்த்தால் தண்டம் அடிப்பாரா?

இந்தக் கேள்வி மாரிக்கு மாரி வருகிறது. டெங்கு அடிக்கும் ஊரில் தொட்டிக்குள் எது நெளிந்தாலும் பயம் வருவது நியாயம்தான்.

நுளம்புக் குடம்பிக்குக் கால் இல்லை. தண்ணீரின் மேல்பரப்பில் தலைகீழாகத் தொங்கும், நிழல் பட்டால் நெளிந்து நெளிந்து கீழே போகும், மூச்சுவிட மறுபடி மேலே வந்தாக வேண்டும். மேஃபிளைக் குஞ்சுக்கு ஆறு கால் தெளிவாகத் தெரியும், வயிற்றின் இரண்டு பக்கமும் இலை மாதிரிச் சின்னச் சின்னச் செவுள்கள் வரிசையாக இருந்து படபடக்கும், கடைசியில் மூன்று வால். (குளோயியனுக்குத் தண்ணீருக்குள் மூன்று, சிறகு வந்ததும் இரண்டு. நடுவால் போய்விடும்.) அது மேலே வந்து மூச்சு விடுவதில்லை, சுவரில் ஒட்டிக்கொண்டோ அடியில் ஊர்ந்தோ இருக்கும், தொட்டால் மீன் குஞ்சு மாதிரி ஒரு பாய்ச்சல். ஊசித்தும்பியின் குஞ்சுக்கும் கடைசியில் மூன்று நீட்டல் இருக்கும், ஆனால் அவை தட்டையான இலை வடிவம், பக்கச் செவுள் இருக்காது. அது நுளம்புக் குடம்பியைப் பிடித்துத் தின்பது, விட்டுவிடுங்கள்.

ஆனால் ஒன்று. மேஃபிளைக் குஞ்சு வளர்ந்திருக்கிறது என்றால் அந்தத் தண்ணீர் வாரக்கணக்காக மாறாமல் நிற்கிறது என்று அர்த்தம். நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் வரை வர ஒரு கிழமை, பத்து நாள் போதும். ஆகவே "இது மேஃபிளைதான்" என்று பரிசோதகருக்கு விளக்கம் சொல்லும் நேரத்தில் தொட்டியை வடிவாகப் பாருங்கள், அதற்குள்ளேயே நுளம்புக் குடம்பியும் இருக்க இடமுண்டு, இருந்தால் 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டம் பக்கத்தில் இருந்த மேஃபிளையைப் பார்த்து இரக்கப்படாது. வீட்டுப் பாவனைத் தொட்டி என்றால் கிழமைக்கு ஒரு தடவை வெறுமையாக்கித் தேய்த்துக் கழுவுங்கள். தாமரைத் தொட்டி மாதிரிக் கழுவ முடியாதது என்றால் கப்பி மீன் விடுங்கள். அது மேஃபிளைக் குஞ்சையும் சேர்த்துத்தான் தின்னும், பரவாயில்லை.

மேஃபிளை வந்தால் தண்ணீர் சுத்தம் என்கிறார்களே, கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கலாமா?

அப்படி முடிவெடுக்க வேண்டாம். ஆற்றுத் தண்ணீரின் தரத்தைப் பார்க்க ஆய்வாளர்கள் மேஃபிளைகளைக் கணக்கெடுப்பது உண்மை, ஏனென்றால் பல இனங்கள் ஒட்சிசன் குறைந்தால் தாங்காது. ஆனால் அது எந்த இனம், எத்தனை இனம் என்பதை வைத்துச் சொல்வது. நம் தொட்டியிலும் குளத்திலும் வரும் குளோயியன் வகைகள் சகிப்புத்தன்மை கூடியவை, பாசி நாறும் தண்ணீரிலும் இருக்கும்.

யாழ்ப்பாணக் கிணறுகளின் பெரிய பிரச்சினை உரத்தாலும் மலசலகூடக் குழியாலும் சேரும் நைத்திரேற்று. நிறம் இல்லை, மணம் இல்லை, எந்தப் பூச்சியும் வந்து சொல்லாது. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வைத்திருக்கும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று. கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கும் வீடென்றால் தண்ணீரை ஆய்வுகூடத்தில் பரிசோதிப்பதுதான் வழி. கொதிக்கவைத்தாலும் நைத்திரேற்று போகாது.

கடிக்குமா? உடுப்பு, மரம், பயிர் எதையும் கெடுக்குமா?

கடிக்க வாய் இல்லை, கொட்டக் கொடுக்கு இல்லை. எதையும் தின்னாது. பூனை, நாய், கோழி தின்றாலும் ஒன்றும் ஆகாது. பல்லிக்குக் கொண்டாட்டம்.

ஆனால் அதே லைற்றடிக்கு வரும் ஒன்றைப் பற்றிச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஒரு சென்ரிமீற்றர்கூட இல்லாத, செம்மஞ்சளும் கறுப்பும் மாறி மாறி வரும், எறும்பு மாதிரி ஓடும் மெல்லிய வண்டு, பேடெரஸ். அது கடிக்காது, ஆனால் கழுத்திலோ கையிலோ ஊர்வதை நாம் அடித்து நசுக்கினால் உள்ளே இருக்கும் பெடெரின் என்ற நஞ்சு தோலில் பட்டு, ஒன்றிரண்டு நாளில் நெருப்புப் பட்டது மாதிரிச் சிவந்து கொப்பளிக்கும். ஊதிவிடுங்கள், அல்லது கடதாசியில் ஏறவிட்டு வெளியே தட்டுங்கள். நசுக்கிவிட்டால் உடனே சவர்க்காரம் போட்டுக் கழுவி, அந்தக் கையால் கண்ணைத் தொடாமல் இருங்கள். மழைக்கால இரவில் பயப்பட ஒரு பூச்சி வேண்டுமென்றால் இதற்குப் பயப்படுங்கள், மேஃபிளைக்கு வேண்டாம்.

மருந்து அடித்து ஒழிக்கலாமா?

நாளைக்கோ மிஞ்சிப்போனால் இரண்டு கிழமையிலோ தானாகவே செத்துப்போகும் ஒன்றுக்குக் காசு கொடுத்து மருந்து வாங்குவது எனக்கு விளங்கவில்லை. அடிக்கும் மருந்து குசினிக்குள்ளும் பிள்ளைகளின் மூக்குக்குள்ளும் போவதுதான் மிச்சம். தண்ணீரில் மருந்து கலக்கும் யோசனை அதைவிட மோசம், தும்பிக் குஞ்சும் தவளைப் பேத்தையும் சேர்ந்து சாகும், நுளம்பைத் தின்ன ஆள் இருக்காது.

வெளி லைற்றை நிறுத்துங்கள், வேலை முடிந்தது. பொழுதுபட்டு முதல் ஒன்றிரண்டு மணித்தியாலம்தான் வரவு அதிகம். நிறுத்த முடியாதென்றால் வெள்ளை ரியூப் லைற்றுக்குப் பதிலாக மஞ்சள் ஒளி எல்ஈடி போடுங்கள், நீலமும் ஊதாவுக்கு அப்பாலான கதிரும் குறைந்த வெளிச்சத்துக்குப் பூச்சி குறைவாகவே வரும். யன்னலுக்கு நுளம்பு வலை அடித்திருந்தால் அதுவே போதும். சுவரில் ஒட்டியதைத் தண்ணீர் ஊற்றித் தேய்க்காமல் காய்ந்த பிறகு தும்புத்தடியால் தட்டினால் கறை பிடிக்காது.

சோலார் தட்டிலும் கார் பொனற்றிலும் ஏன் வந்து உட்காருகிறது?

அதற்கு அது தண்ணீர். தண்ணீர்ப் பரப்பில் பட்டுத் தெறிக்கும் ஒளி கிடையாக முனைவுற்றிருக்கும், அதாவது அதன் அதிர்வு பெரும்பாலும் கிடையான ஒரே திசையில் இருக்கும். மேஃபிளை குளத்தைக் கண்டுபிடிப்பது அந்த அடையாளத்தை வைத்துத்தான். வழுவழுப்பான கறுப்புப் பரப்பும் அதே மாதிரி, சில நேரம் குளத்தைவிடப் பலமாகவே, ஒளியை முனைவுறச் செய்கிறது. ஓடையோரத்துத் தார் வீதியில் மேஃபிளைகள் கூட்டமாக முட்டையிடுவது இதனால்தான் என்று 1998இல் ஹங்கேரி ஆய்வாளர்கள் காட்டினார்கள். 2010இல் வந்த இன்னொரு ஆய்வில் சோலார் தட்டும் இப்படியே ஏமாற்றுகிறது, அதன் மேல் வெள்ளைக் கோடுகள் போட்டுக் கட்டம் கட்டமாகப் பிரித்தால் வரவு நன்றாகக் குறைகிறது என்று கண்டார்கள். முட்டை வெயிலில் காய்ந்து வீணாகிவிடும், தட்டுக்குச் சேதம் இல்லை, ஈரத்துணியால் துடைத்தால் போகும்.

மே மாதத்தில்தான் வருமா?

அது ஐரோப்பாக் கணக்கு. நமக்கு மே என்றால் அக்கினி வெயில், பாதிக் குளம் வெடித்துக் கிடக்கும். இங்கே மாரியிலும் அதை ஒட்டிய மாதங்களிலும் பார்க்கலாம்.

கனடாவிலிருந்து தம்பி அனுப்பிய வீடியோவில் வீதியே தெரியாமல் குவிந்து கிடக்கிறது. அதுவும் இதுதானா?

அதே குலம், ஆனால் பெரிய வகை, ஹெக்ஸஜெனியா. ஒன்ராறியோவுக்குத் தெற்கே எரி ஏரிக்கரையில் ஆனி, ஆடியில் அப்படித்தான். அங்கே ஏரி அடிச் சேற்றுக்குள் வளர்ந்து, சூடான ஒரு இரவில் கோடிக்கணக்கில் ஒன்றாக எழும்பும். வானிலை ராடாரில் மழை மேகம் மாதிரித் தெரியும். 2014 யூலையில் அமெரிக்காவின் லா குரோஸ் நகருக்குப் பக்கத்தில் மிசிசிப்பி ஆற்றிலிருந்து எழும்பியதும் ராடாரில் பதிவானது. எரி ஏரியில் இந்தப் பூச்சி 1950களில் கழிவுநீரால் ஒட்சிசன் குறைந்து ஏறக்குறைய இல்லாமலே போய், ஏரியைச் சுத்தப்படுத்திய பிறகு 1990களில் திரும்பி வந்தது. ஆகவே தம்பி மூக்கைப் பொத்திக்கொண்டு வீடியோ எடுத்தாலும் அது அந்த ஊருக்கு நல்ல செய்திதான். ஒவ்வாமை, இழுப்பு உள்ளவர்களுக்கு அந்தத் தோல் துகள் ஒத்துக்கொள்ளாமல் போகலாம், அதை மட்டும் சொல்லுங்கள்.

ஒரே இரவில் எல்லாம் சேர்ந்து வருவதற்குக் காரணம் இருக்கிறது: பறவையும் மீனும் எவ்வளவு தின்றாலும் மிச்சம் இருக்கும். ஆபிரிக்காவின் விக்ரோறியா ஏரியில் ஒரு வகை பறுவம் கழிந்த இரண்டாம் நாளையொட்டி எழும்பும், நாள்காட்டி பார்த்து வருவது போல.

ஈசலும் ஒரு நாளில் செத்துவிடும்தானே? வீட்டுக்குள்ளிருந்தே கிளம்பினால் என்ன செய்வது?

சாவது உண்மை, ஆனால் ஆயுள் முடிந்து சாவதில்லை. தவளை, பல்லி, காகம், எறும்பு தின்பதாலும் காய்ந்து போவதாலும் சாகிறது. தப்பிய ஒரு சோடி மண்ணுக்குள் புகுந்துவிட்டால் அவைதான் புதுப் புற்றுக்கு ராசாவும் ராணியும், வருடக்கணக்காக இருக்கும். "ஒரு நாள் பூச்சி" என்ற பேர் கொஞ்சமும் பொருந்தாதது இதற்குத்தான்.

வெளியிலிருந்து லைற்றுக்கு வந்தால் பேசாமல் விடுங்கள். நிலைக்கதவு ஓரத்திலிருந்தோ, சுவர் வெடிப்பிலிருந்தோ, கூரை வளையிலிருந்தோ கிளம்பினால் அது வேறு கதை, வீட்டுக்குள் குடியிருப்பு இருக்கிறது. சுவரில் மண் குழாய் ஓடுகிறதா பாருங்கள், மரத்தைத் தட்டிப் பாருங்கள், பொள்ளென்று சத்தம் வந்தால் ஆளைக் கூப்பிடுங்கள். வைரம் பாய்ந்த பனை வளையைக் கறையான் லேசில் தொடாது. வைரம் பாயாத இளம் பனையையும் மலிவாக வாங்கிய பலகையையும்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

பிள்ளைகளுக்குக் காட்ட வளர்க்கலாமா?

தாராளமாக. தொட்டித் தண்ணீரோடு, பாசியோடு, அடியில் கொஞ்ச இலைச் சருகோடு ஒரு அகன்ற கண்ணாடிப் பாத்திரத்தில் விடுங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் செத்துவிடும். வெயில் நேரே படாத இடம், ஆழம் வேண்டாம், மீன் வேண்டாம். ஒரு குச்சியைத் தண்ணீருக்கு வெளியே நீட்டியபடி வைத்து, மேலே நுளம்பு வலைத் துண்டைக் கட்டுங்கள். வலை கட்டுவது கட்டாயம், தண்ணீரோடு நுளம்புக் குடம்பியும் வந்திருந்தால் வளர்ந்து வெளியே போய்விடும். முதுகில் சிறகுப் பை கறுத்து வந்தால் இன்றோ நாளையோ பறக்கப்போகிறது என்று அர்த்தம். தண்ணீரிலிருந்து வந்ததும் வலையில் ஏறி உட்காரும், அந்த இரவு தோல் உரிக்கும். பிள்ளைகள் நித்திரை கொண்டுவிடுவார்கள், நீங்கள்தான் விழித்திருக்க வேண்டிவரும்.

படம் எடுத்து ஆரிடமாவது கேட்க வேண்டுமென்றால் எப்படி எடுப்பது?

பக்கவாட்டில் ஒன்று, சிறகின் நரம்பு தெரிய. மேலேயிருந்து ஒன்று, வால் எத்தனை என்று எண்ணக்கூடிய மாதிரி. தலையைக் கிட்டத்தில் ஒன்று, கண்ணின் நிறம் செத்த பிறகு மாறிவிடும், அதனால் உயிரோடு இருக்கும்போதே. பக்கத்தில் ஒரு ஐந்து ரூபாக் குத்தியை வைத்தால் அளவு தெரியும். பிளாஷ் போடாமல் இன்னொருவரை ரோச் பிடிக்கச் சொல்லுங்கள். எடுத்த இடம், திகதி, கிட்டத்தில் என்ன தண்ணீர் இருக்கிறது என்பதையும் எழுதி அனுப்புங்கள். தண்ணீர் எது என்று தெரிந்தாலே பாதி இனங்களைப் பட்டியலிலிருந்து வெட்டிவிடலாம்.